முன்னாள் மாணவர் நேர்காணல்: எங்கே சறுக்குகிறார்கள்?

ஹார்வர்ட், எம்ஐடி போன்ற அமெரிக்கக் கல்லூரிகளுக்கு விண்ணப்பித்தால் உங்களை நேர்காண்பவர் பெரும்பாலும் அங்கே படித்து முடித்த ஒரு தன்னார்வலர். சீட் கொடுப்பது அவர் கையில் இல்லை. உங்கள் மதிப்பெண்ணோ கட்டுரையோ பொதுவாக அவரிடம் இருக்காது. பேசி முடித்ததும் ஓர் அறிக்கை எழுதி அனுப்புவார். சேர்க்கைக் குழு அதை மற்றவற்றோடு சேர்த்துப் படிக்கும். அந்த அறிக்கையில் எழுத அவருக்கு விஷயம் கொடுப்பதுதான் உங்கள் வேலை.

முதல் சறுக்கல் மின்னஞ்சலில். அழைப்பு அவருடைய சொந்த ஜிமெயிலிலிருந்தும் வரலாம்; சில சமயம் நேராக ஸ்பேமில் போய் விழும். நவம்பர் 1 கடைசித் தேதிக்கு விண்ணப்பித்தவர்கள் அந்த மாதம் முழுக்க, ஜனவரியில் விண்ணப்பித்தவர்கள் பிப்ரவரி வரை, ஸ்பேமைத் தினமும் திறந்து பாருங்கள். விண்ணப்பத்தில் அப்பாவுடைய அல்லது ஏஜென்ட்டுடைய முகவரியைக் கொடுத்திருந்தால் இன்னும் சிக்கல். ஒரு நாளுக்குள் நீங்களே பதில் எழுதுங்கள், நேரத்தை இரண்டு ஊர்க் கணக்கிலும் குறிப்பிட்டு. நியூயார்க்கில் இரவு 8 மணி என்றால், அக்டோபரில் சென்னையில் மறுநாள் காலை 5.30. நவம்பர் முதல் ஞாயிறன்று அங்கே கடிகாரத்தைப் பின்னுக்கு வைத்த பிறகு அதுவே 6.30.

காரியத்தை அதிகம் கெடுப்பது மனப்பாடம். "ரோபாட்டிக்ஸில் ஆர்வம், இரண்டு பரிசு வாங்கினேன்" என்றால் அவருக்கு எழுத ஒன்றுமில்லை. "தரையில் போட்ட கோட்டின் மேலேயே ஓடும் ரோபோ வகுப்பில் ஒழுங்காக ஓடியது, வராந்தாவில் தடுமாறியது. வெயிலில் இருக்கும் அகச்சிவப்புக் கதிர்தான் சென்சாரைக் குழப்புகிறது என்று புரிய இரண்டு நாள் ஆனது, அட்டையை வெட்டி மறைப்பு வைத்தேன்" என்று சொல்லிப் பாருங்கள். உடனே அடுத்த கேள்வி வரும். அந்தப் பதிலும் அறிக்கையில் ஏறும். இப்படி நீங்களே கைப்படச் செய்த மூன்று விஷயங்கள் போதும். வரிவரியாக எழுதிப் படிக்க வேண்டாம்.

ஏன் இந்தக் கல்லூரி என்று கேட்டால் தரவரிசையைச் சொல்லாதீர்கள். நீங்கள் எடுக்க விரும்பும் ஒரு பாடத்தையோ ஓர் ஆய்வகத்தையோ பெயர் சொல்லிக் காரணத்தோடு பேசுங்கள். உங்களிடம் கேள்வி இருக்கிறதா என்பார். இல்லை என்று சொல்லிவிடாதீர்கள். 1990களில் படித்தவரிடம் இன்றைய ஹாஸ்டல் சாப்பாட்டைக் கேட்டுப் பயனில்லை. முதல் வருடம் எந்தப் பாடத்தில் திணறினார், யாரிடம் போய் உதவி கேட்டார் என்று கேளுங்கள்.

நேர்காணல் ஏதாவது கஃபேயில் என்றால் பெற்றோர் வாசலோடு நின்றுகொள்ளட்டும். ஜூமில் பக்கத்தில் உட்கார்ந்து பதில் எடுத்துக்கொடுத்தால், பிள்ளையின் கண் போகும் திசையே காட்டிக்கொடுத்துவிடும்.

அழைப்பு வரவில்லையே என்று லிங்க்ட்இனில் முன்னாள் மாணவர்களைத் தேடிப்பிடித்து எழுதுவது வேண்டாத வேலை. ஹார்வர்டும் எம்ஐடியும் ஆள் கிடைத்தால்தான் நேர்காணல் வைக்கின்றன. நடக்காவிட்டால் விண்ணப்பத்துக்குப் பாதகமில்லை என்றும் சொல்கின்றன. பிரவுன் பல்கலைக்கழகம் நேர்காணலை விட்டுவிட்டு, மாணவர் எடுத்து அனுப்பும் சிறு வீடியோவுக்கு மாறிவிட்டது. ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகமோ முடிந்தவரை எல்லோரையும் சந்திக்கப் பார்க்கிறது. கல்லூரிக்குக் கல்லூரி விதி வேறு; அந்தந்தக் கல்லூரியின் இணையதளத்தில் சேர்க்கைப் பக்கத்தைப் படித்துவிடுங்கள்.

முடிந்த மறுநாளுக்குள் மூன்று வரியில் நன்றி எழுதுங்கள், பேசியதில் ஒன்றைக் குறிப்பிட்டு. சீட் கிடைக்குமா என்று கேட்காதீர்கள், அவருக்கும் தெரியாது. பரிசுப் பொருள் கூடாது. நேர்காணலுக்குக் கட்டணம் கேட்டு யாராவது எழுதினால் பணம் அனுப்பாமல், முதலில் சேர்க்கை அலுவலகத்துக்கு எழுதி விசாரியுங்கள்.