ஆண்டின் அறிவார்ந்த படங்கள், தொடர்கள்: பரிந்துரைப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிசம்பரில் பள்ளி விடுமுறை தொடங்கியதும், தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் நம்மவர் வாழும் சாட்ஸ்வர்த்திலும் ஃபீனிக்ஸிலும் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு கேள்வி சுற்றத் தொடங்கும்: இந்த ஆண்டு வந்தவற்றில் மூளைக்கு வேலை கொடுக்கிற படம் எது, தொடர் எது? பதில் சொல்ல நாலு பேர் முந்துவார்கள். பத்துப் பெயர்கள் வந்து விழும். விடுமுறை முடியும்போது விசாரித்தால், பெரும்பாலானோர் எதையும் முழுமையாகப் பார்த்திருக்க மாட்டார்கள். அவர்களைக் குறை சொல்வது நியாயமில்லை. பரிந்துரைத்த விதத்தில்தான் கோளாறு.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, குழப்பத்தை அறிவு என்று எண்ணிக்கொள்வது. கதை முன்னும் பின்னும் தாவினால், கடைசியில் ஒரு திருப்பம் வந்தால், உடனே ‘அறிவார்ந்த படம்’ என்று பட்டம் கட்டிவிடுகிறோம். அப்படிப்பட்ட படங்களில் பல, இரண்டாம் முறை பார்க்கும்போது வெறுங்கூடாக இருக்கின்றன. பி.எஸ். வினோத்ராஜ் இயக்கி 2024-இல் வந்த ‘கொட்டுக்காளி’யின் கதையையோ ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். வேறொருவனை விரும்பும் பெண்ணுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று முடிவுகட்டிய குடும்பம், அவளை ஆட்டோவில் ஏற்றிச் சாமியாடியிடம் அழைத்துப் போகிறது. படத்தில் பின்னணி இசையே கிடையாது. வழியில் ஒரு காளை சாலையை மறித்து நிற்கிறது. அவ்வளவு நேரம் வீராப்போடு வந்த ஆண்கள் கிட்டே போகத் தயங்குகிறார்கள். ஒரு சிறுமி வந்து அதைச் சர்வ சாதாரணமாக அழைத்துக்கொண்டு போய்விடுகிறாள். யாரும் எதையும் விளக்குவதில்லை. ஒரு பெண்ணை அடக்கக் கிளம்பிய கூட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதெல்லாம் அந்தக் காட்சியிலேயே இருக்கிறது. பார்ப்பவரின் புத்தியை நம்பி எடுக்கப்பட்ட படம் அது. நான் அறிவார்ந்த படம் என்பது இதைத்தான்.

அடுத்தது, படத்தின் வித்தையை மட்டும் புகழ்வது. 2025-இல் வந்த ‘அடோலசன்ஸ்’ தொடரைப் பற்றிக் கேட்டால் பலரும் முதலில் சொல்வது, நான்கு பகுதிகளும் வெட்டே இல்லாமல் தலா ஒரே ஷாட்டில் எடுக்கப்பட்டவை என்பதுதான். உண்மைதான். ஆனால் அதைக் கேட்டு ஒரு தாய் ஏன் அந்தத் தொடரைப் பார்க்க வேண்டும்? சக மாணவியைக் கொன்றதாகக் கைதான 13 வயதுப் பையனோடு ஓர் உளவியலாளர் தனியே பேசும் மூன்றாம் பகுதியைப் பற்றிச் சொல்லுங்கள். குழந்தை முகத்தோடு சிரித்துப் பேசுகிறவன் திடீரென்று எழுந்து நின்று கத்துகிறான். காட்சி வெட்டப்படாததால் அவருக்கும் தப்ப வழியில்லை, நமக்கும் இல்லை. பையன்கள் கைபேசியில் என்ன படிக்கிறார்கள், பெண்களைப் பற்றி என்ன கற்றுக்கொள்கிறார்கள் என்ற கவலை டர்பன் வீடுகளிலும் இருக்கிறது. அதைத் தொட்டுச் சொன்னால் அந்தத் தாய் அன்றிரவே பார்ப்பார்.

வயதுக் குறியைச் சொல்லாமல் விடுவதும் நடக்கிறது. இந்நாட்டில் வயது எண்ணோடு எழுத்துகளும் தருகிறார்கள்: வி என்றால் வன்முறை, எல் என்றால் கெட்ட வார்த்தைகள், எஸ் என்றால் பாலியல் காட்சிகள். மூன்று தலைமுறையும் ஒரே சோபாவில் உட்காரும் வீட்டுக்கு இந்த எழுத்துகள் அவசியம்.

ஆயாவுக்கும் தாத்தாவுக்கும் சீரியல் போதும் என்று ஒதுக்குவது எனக்குக் கோபம் வரவழைக்கும் தவறு. தென்னாப்பிரிக்காவுக்குத் தொலைக்காட்சியே 1976-இல்தான் வந்தது. அதற்கு முன் நம் பெரியவர்கள் டர்பனின் கிரே ஸ்ட்ரீட் வட்டாரத்துத் திரையரங்குகளில் படம் பார்த்து வளர்ந்தவர்கள். பொறுமையாகப் பார்க்கும் பழக்கம் அவர்களுக்குத்தான் அதிகம். அவர்களுக்குத் தடையாக இருப்பது திரையில் ஓடும் எழுத்தின் வேகமும் அளவும். பெரும்பாலான தளங்களில் சப்டைட்டில் எழுத்தைப் பெரிதாக்க வசதி உண்டு. அதை ஒருமுறை சரிசெய்து கொடுத்துவிட்டுப் பரிந்துரையுங்கள்.

எந்த வடிவம் என்று சொல்லாமல் விடுவதையும் இத்தோடு சேர்க்க வேண்டும். பலருக்கும் இது பொருட்டாகத் தெரிவதில்லை. எனக்கு இது பெரிய விஷயம். ‘மெய்யழகன்’ 2024 செப்டம்பரில் திரைக்கு வந்த சில நாட்களிலேயே சுமார் 18 நிமிடங்கள் குறைக்கப்பட்டது. நீண்ட பேச்சுதான் அந்தப் படத்தின் உயிர் என்பதால், முதல் நாள் பார்த்தவரும் பிறகு பார்த்தவரும் ஒரே அனுபவத்தைப் பெறவில்லை. ‘ஷோகன்’ தொடரில் சிக்கல் வேறு மாதிரி. பெரும்பகுதி ஜப்பானிய மொழியில் நடக்கும் அந்தக் கதையில், இங்கிலாந்து மாலுமிக்கும் ஜப்பானியப் பிரபுக்களுக்கும் நடுவில் மரிகோ என்ற பெண் நின்று பேச்சை மாற்றிச் சொல்கிறாள். அவள் எதை மென்மையாக்குகிறாள், எதை விழுங்குகிறாள் என்பதில்தான் பதற்றமே இருக்கிறது. ஆங்கில டப்பிங்கில் எல்லோரும் ஆங்கிலமே பேசுவதால் அந்த நாடகம் பாதி கரைந்துவிடும். எனவே ‘மூல ஒலியில், சப்டைட்டிலோடு பாருங்கள்’ என்ற ஒரு வரியைச் சேர்க்காமல் இந்தத் தொடரைப் பரிந்துரைக்கக் கூடாது.

ஆண்டுக் கணக்கில் ரொம்பக் கறாராக இருக்க வேண்டாம். கொட்டுக்காளி பெர்லின் விழாவில் பிப்ரவரியில் காட்டப்பட்டு, ஆகஸ்டில்தான் திரையரங்குக்கு வந்தது. இங்கே நம் கைக்குக் கிடைத்த ஆண்டையே கணக்கில் வைக்கலாம். அதே சமயம், நிறவெறி ஆட்சிக் காலத்திலேயே, 1979-இல் தொடங்கிய டர்பன் சர்வதேசத் திரைப்பட விழாவில் நாம் பார்த்த ஆப்பிரிக்கப் படங்களை டிசம்பர் வருவதற்குள் மறந்துவிடுவது வருத்தமான விஷயம். ஊரிலேயே காட்டப்பட்டவை வெளியே வந்த பட்டியல்களில் இல்லை என்பதற்காக நம் பட்டியலிலும் விடுபட வேண்டுமா?

மற்றபடி, பத்துப் பெயர் வேண்டாம், மூன்று போதும். இந்தியாவில் ஒரு தளத்தில் இருக்கும் படம் தென்னாப்பிரிக்காவில் அதே தளத்தில் இல்லாமல் போகலாம். உங்கள் கணக்கில் தேடி, இங்கே கிடைக்கிறதா என்று உறுதிசெய்துகொண்டு, பெயரோடு மொழி, நேரம், வயதுக் குறி நான்கையும் எழுதி அனுப்புங்கள்.