'அக்ஸஸ் டினைட்' வந்தால் செய்யக்கூடாதவை

பக்கப் மென்பொருளில் ஹைப்பர்-வி ஹோஸ்டை (விர்ச்சுவல் மெஷின்களை, அதாவது மென்பொருளால் ஆன கணினிகளை, ஓட்டும் விண்டோஸ் கணினியை) சேர்க்கும்போது 'அக்ஸஸ் டினைட்', அதாவது அனுமதி மறுப்பு, என்று வந்தவுடன், வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் அதே பிழைகளைத்தான் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள். பாஸ்வேர்டைப் பிழையாக அடிப்பதைப் பற்றி இங்கே எழுதவில்லை. அதை அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள்.

அட்மின் குழுவில் சேர்த்தால் போதும் என்று நினைப்பது

யாழ்ப்பாணத்துச் சிறிய கந்தோர்களில் பெரும்பாலும் டொமைன் (எல்லாக் கணினிகளின் கணக்குகளையும் ஒரே இடத்தில் நிர்வகிக்கும் அமைப்பு) இருக்காது. ஹோஸ்ட் வேர்க்குரூப்பில்தான், அதாவது தன் கணக்குகளைத் தானே வைத்துக்கொண்டு, நிற்கும். அங்கே பக்கப்புக்கென்று ஒரு உள்ளூர்க் கணக்கை உருவாக்கி அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் குழுவில் போட்டால் மட்டும் காணாது. அந்தக் கணக்கு நெட்வேர்க் வழியாக வரும்போது விண்டோஸின் பாதுகாப்பு வசதியான யூஏசி அதன் அட்மின் உரிமைகளைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே விடும். அட்மின்-டொலர் (ADMIN$) பகிர்வு, அதாவது அட்மின்கள் நெட்வேர்க் வழியாக ஹோஸ்டின் விண்டோஸ் ஃபோல்டரைத் திறக்கும் வழி, திறக்காது. விண்டோஸோடு வரும் அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்குக்கு இந்தத் தடை இயல்பாக இல்லை. அதைக் கொண்டு ஒருமுறை முயன்றால் காரணம் உறுதியாகிவிடும். அப்புறம் ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸின் அமைப்புகள் பதியப்பட்டிருக்கும் இடத்தில்) 'லோக்கல் அக்கவுண்ட் டோக்கன் ஃபில்டர் பொலிசி' (LocalAccountTokenFilterPolicy) மதிப்பை 1 ஆக்கலாம். ஆனால் அது அந்த ஹோஸ்டின் எல்லா உள்ளூர் அட்மின்களுக்கும் கதவைத் திறக்கும். ஒவ்வொரு மெஷினுக்கும் வேறு பாஸ்வேர்ட் இல்லாத இடத்தில் இதைச் செய்யாதீர்கள்.

டிஸ்க் இருக்கும் ஃபோல்டரின் அனுமதியில் கைவைப்பது

இன்றைக்கும் எனக்குக் கோபம் வருவது இதில்தான். ஸ்ரான்லி வீதிப் பக்கம் ஒரு கந்தோரில், மறுப்பைப் பார்த்த பொடியன் விர்ச்சுவல் மெஷின்களின் டிஸ்குகளான விஎச்டிஎக்ஸ் கோப்புகள் இருந்த ஃபோல்டரைத் திறந்தான். பக்கப் கணக்குக்கு முழு அனுமதி கொடுத்து, உள்ளே உள்ள எல்லாவற்றின் அனுமதிகளையும் இதனால் மாற்று என்ற பெட்டியிலும் சரி போட்டான். மறுப்பு போகவில்லை, ஏனென்றால் கோளாறு அங்கே இல்லை. விர்ச்சுவல் மெஷின்களும் ஓடிக்கொண்டேயிருந்தன, அதனால் ஒருவருக்கும் தெரியவில்லை.

ஒவ்வொரு விர்ச்சுவல் மெஷினுக்கும் தனி அடையாளம் உண்டு. தன் டிஸ்கைத் திறக்கும் அனுமதி அந்த அடையாளத்தின் பெயரில்தான் கோப்பில் எழுதப்பட்டிருக்கும். பொடியன் அழித்தது அதைத்தான். ஏற்கெனவே திறந்திருந்த டிஸ்க் தொடர்ந்து வேலை செய்தது. பிறகு ஒரு இரவு கரண்ட் போய், யூபிஎஸ்ஸும் இறங்கி, ஹோஸ்ட் திரும்ப எழும்பியபோது ஒரு மெஷினும் தொடங்கவில்லை. வந்த பிழை எண் 0x80070005, அதுவும் 'அக்ஸஸ் டினைட்'தான். காலையில் கணக்குப் பிரிவு முழுக்கக் கைகட்டி இருந்தது. டேட்டா போய்விட்டது என்றே முதலாளி நினைத்தார்.

இப்படி நடந்துவிட்டால் பயந்துபோய் எதையும் அழிக்காதீர்கள். ஹைப்பர்-வி மேனேஜரில் டிஸ்கைக் கழற்றித் திரும்பச் சேர்த்தால் அனுமதி மறுபடி எழுதப்படும். செக்பொயின்ட் (மெஷினின் ஒரு கட்டத்து நிலையைச் சேமித்து வைப்பது) இருந்தால் கழற்ற வேண்டாம், அப்போது டிஸ்க் சங்கிலிபோலப் பல கோப்புகளாக இருக்கும். விண்டோஸின் கட்டளைத் திரையான பவர்ஷெல்லில் மெஷினின் ஐடியை எடுத்து, அனுமதிகளை மாற்றும் ஐகேக்கில்ஸ் (icacls) கட்டளையால் சங்கிலியிலுள்ள ஒவ்வொரு கோப்புக்கும் அந்த அடையாளத்தின் பெயரில் அனுமதி கொடுங்கள்.

ஃபயர்வோலை முழுதாக நிறுத்துவது

மறுப்பு வந்தால் ஹோஸ்ட் பதில் சொல்லிவிட்டது என்றுதான் அர்த்தம். ஃபயர்வோல் மறித்தால் பொதுவாகப் பிழை எண் 53 அல்லது 1722 வரும், 'அக்ஸஸ் டினைட்'டின் எண்ணான 5 வராது.

டொமைன் அட்மின் கணக்கைக் கொடுப்பது

வேண்டாம். பக்கப் சேர்வருக்குள் ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ்) புகுந்தால் முழு நெட்வேர்க்கின் சாவியும் அதன் கையில்.

பாஸ்வேர்ட் காலாவதியை மறப்பது

விண்டோஸில் பாஸ்வேர்டின் ஆயுள் இயல்பில் 42 நாள். பக்கப் கணக்கை உருவாக்கும்போதே இதைப் பாருங்கள்.