வாசலிலேயே விசிட்டிங் கார்டை நீட்டாதீர்கள்

மொழிபெயர்ப்பாளர்களுக்கான ஓர் இணையக் குழுவில் சேர்ந்த முதல் நாளே, அங்கே அடிக்கடி கண்ணில் பட்ட 11 பேருக்குத் தனிச்செய்தி அனுப்பினேன். எல்லோருக்கும் ஒரே வாசகம்: என் படிப்பு, என் அனுபவம், கடைசியில் ‘வாய்ப்பு இருந்தால் சொல்லுங்கள்’. ஒருவர் மட்டும் பதில் எழுதினார். “உங்கள் எழுத்தில் ஒரு வரிகூட நான் படித்ததில்லையே, எதை நம்பி இன்னொருவரிடம் உங்களைச் சொல்வது?” அன்று எனக்குக் கோபம்தான் வந்தது. அவர் கேட்டது நியாயம் என்று உறைக்க இரண்டு வாரம் ஆனது.

இணையக் குழுக்களில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒன்றின் கிளைகளே. நாம் ஆட்களைத் தேடிப் போகிறோம். ஆனால் அங்கே பழக்கம் என்பது ஏதோ ஒரு வேலையைச் சேர்ந்து பார்க்கும்போது பக்கவாட்டில் வந்து ஒட்டிக்கொள்வது. பயனுள்ள பதில்களுக்கு மேல் உங்கள் பெயரைப் பத்து முறை பார்த்த ஒருவருக்கு அறிமுகக் கடிதமே தேவையில்லை.

லினக்ஸ் என்ற கணினி இயங்குதளம் பிறந்த கதையைக் கவனியுங்கள். 1991 ஆகஸ்ட் 25 அன்று, ஹெல்சின்கியில் படித்துக்கொண்டிருந்த 21 வயது லினஸ் டோர்வால்ட்ஸ், மினிக்ஸ் என்ற இன்னோர் இயங்குதளத்தின் பயனர்கள் கூடும் இணையக் குழுவில் ஒரு சிறு குறிப்பு எழுதினார். பொழுதுபோக்காக ஓர் இயங்குதளம் எழுதிவருவதாகவும், மினிக்ஸில் மற்றவர்களுக்கு எது பிடிக்கிறது, எது பிடிக்கவில்லை என்று அறிய விரும்புவதாகவும் அதில் இருந்தது. அவர் அங்கே அந்நியர் அல்லர். ஜூலையிலேயே ஒரு தொழில்நுட்பச் சந்தேகம் கேட்டு எழுதியிருந்தவர். செய்துகொண்டிருப்பதைச் சொன்னார், மற்றவர்களின் தேவையைக் கேட்டார். ‘என்னை ஆதரியுங்கள்’ என்று அதில் எங்கும் இல்லை.

சேர்ந்தவுடன் பேசத் தொடங்குவது அடுத்த தவறு. இணைய நடத்தைக்கான வழிகாட்டி ஒன்று 1995 அக்டோபரில் வெளியானது, ஆர்.எஃப்.சி. 1855 என்பது அதன் எண். எதையும் எழுதுவதற்கு முன் ஒன்றிரண்டு மாதம் குழுவைப் படித்துக்கொண்டு மட்டும் இருங்கள் என்கிறது அது. இன்றைக்கு அவ்வளவு பொறுமையை யாரிடமும் எதிர்பார்க்க முடியாது. ஒரு வாரம் போதும் என்பேன். ஆனால் அந்த ஒரு வாரத்தில் நல்ல பதிவுகளைவிடப் பழைய சண்டைகளைத் தேடிப் படியுங்கள். அங்கே எது கேலி, எது அவமதிப்பு, யாருடைய சொல்லுக்கு மதிப்பு என்பதெல்லாம் சண்டையில்தான் வெளிப்படும். (அந்தக் கால இணைய விவாதக் குழுக்களின் தொகுப்பான யூஸ்நெட்டில் ஆண்டுதோறும் செப்டம்பரில் புதிய மாணவர்கள் வந்து குவிவார்கள்; பழகிக்கொள்ளச் சில வாரம் ஆகும். 1993 முதல் புதியவர்களின் வரவு நிற்கவே இல்லை. பழையவர்கள் அதற்கு ‘முடிவில்லாத செப்டம்பர்’ என்று பெயர் வைத்தார்கள். அந்தச் சலிப்பு இன்னும் எல்லாக் குழுக்களிலும் மிச்சமிருக்கிறது.)

உதவி கேட்பதில் தவறில்லை, கேட்டுப் பெற்றுவிட்டு மறைந்துபோவதுதான் தவறு. காரியம் ஆகும்வரை காலைப் பிடிக்கிறவரை எல்லோருக்கும் அடையாளம் தெரியும். சொல்லப்பட்ட யோசனையை முயன்று பார்த்தீர்களா, எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று இரண்டு வரி திரும்ப வந்து எழுதுங்கள். பத்து நன்றிகளைவிட அது பெரிது. அடுத்து அதே சிக்கலோடு வருபவருக்கும் அது உதவும், உங்களுக்கு உதவியவரும் உங்களை நினைவில் வைத்திருப்பார்.

தொழில் தொடர்புகளில் இன்னொரு கணக்குப் பிசகு உண்டு. நெருங்கியவர்கள்தான் வேலைக்கு உதவுவார்கள் என்று நினைக்கிறோம். சமூகவியலாளர் மார்க் கிரானவெட்டர் 1973-இல் வெளியிட்ட கட்டுரை வேறு கதை சொல்கிறது. அவருடைய ஆய்வில், தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களில் 16.7 சதவீதத்தினர் மட்டுமே அந்த நபரை அடிக்கடி சந்தித்துவந்தவர்கள். எப்போதாவது சந்தித்தவர்கள் 55.6 சதவீதம், அரிதாகச் சந்தித்தவர்கள் 27.8 சதவீதம். காரணம் எளிது: நெருங்கிய நண்பருக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும்.

இதைக் கேட்டுவிட்டு ஆயிரம் அந்நியர்களுக்கு இணைப்புக் கோரிக்கை அனுப்புவதும் மடமைதான். லிங்க்ட்இன்னில் இரண்டு கோடிப் பேரை உள்ளடக்கி ஐந்தாண்டுகள் நடந்த சோதனைகளின் முடிவு 2022-இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. ஓரளவு தொலைவான பழக்கமே வேலை மாற்றத்துக்கு அதிகம் உதவியது. மிகத் தொலைவான பழக்கம் அந்த அளவுக்கு உதவவில்லை. ஆகவே ஆண்டுக்கு இரண்டு முறையாவது, எந்தத் தேவையும் இல்லாதபோது, ஒரு செய்தி எழுதுங்கள். ‘நீங்கள் அன்று சொன்ன முறையை இந்த வேலையில் பயன்படுத்தினேன்’ என்பது போதும்.

கோபத்தில் எழுதியதை உடனே அனுப்பாதீர்கள். ஓர் இரவு கழியட்டும் என்று அந்த 1995 வழிகாட்டியும் சொல்கிறது. அதே டோர்வால்ட்ஸ், பல ஆண்டுகளாகச் சக நிரலாளர்களைச் சுடுசொல்லால் தாக்கி எழுதியதற்காக 2018 செப்டம்பரில் மன்னிப்புக் கேட்டுச் சில வாரம் விலகியிருந்தார். அவருக்கே அந்த நிலை.

தனிப்பட்ட நட்பில் தவறு எதிர்த்திசையில் நடக்கிறது: அளவுக்கு மீறி, சீக்கிரமாக நெருங்கிவிடுகிறோம். எழுத்தில் ஒருவருடைய பாதிதான் தெரியும். மீதியை நமக்குப் பிடித்த மாதிரி நாமே வரைந்துகொள்கிறோம். தொடர்பியல் அறிஞர் ஜோசப் வால்தர் 1996-இலேயே இதை விளக்கினார். மனதில் உள்ளதையெல்லாம் கொட்டுவதற்கு முன் ஒருமுறையாவது குரலில், முடிந்தால் காணொளியில் பேசிவிடுங்கள். எப்போது அழைத்தாலும் கேமரா பழுது என்கிறவர், பேச்சைப் பணத்துக்கோ முதலீட்டுக்கோ திருப்பினால், மேலே யோசிக்க ஒன்றுமில்லை. பணம் அனுப்பாதீர்கள், தொடர்பை அறுத்துவிடுங்கள்.

கடைசியாக, குழு என்றும் இருக்கும் என்று நம்புவது. ஆர்குட் 2014-இல் மூடப்பட்டது, கூகுள் பிளஸ் 2019-இல், யாஹூ குழுக்கள் 2020-இல். முக்கியமானவர்களின் மின்னஞ்சல் முகவரியை முன்பே கேட்டு வாங்கி வையுங்கள். நான் இருந்த அந்த மொழிபெயர்ப்பாளர் குழுவும் இப்போது இல்லை. என்னைக் கேள்வி கேட்டவரின் முகவரி என்னிடம் இருக்கிறது. ஆனால் இரண்டு ஆண்டுகள் என் வரைவுகளைப் பொறுமையாகத் திருத்திக் கொடுத்த இன்னொருவர் இருந்தார். படகுப் படம் போட்ட ஒரு புனைபெயர் என்பதற்கு மேல் அவரைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது.