ஏர் ரைஃபிள் ஆன்லைனில் ஆர்டர் செய்கிறீர்களா? ஷிப்பிங் கணக்கை முதலில் போட்டுவிடுங்கள்

ரைஃபிளைக் கார்ட்டில் போட்டு, முகவரி, பின்கோடு எல்லாம் அடித்து முடித்த பிறகுதான் ஷிப்பிங் சார்ஜ் என்ற வரி கண்ணில் படும். சில கடைகளில் அதுவும் இருக்காது. லாரி பார்சல் ஆபீஸிலிருந்து போன் வந்தால்தான் விஷயம் தெரியும். இந்தக் கட்டணம் எப்படி ஏறுகிறது என்று புரிந்துவிட்டால், பணம் கட்டும் முன்பே ஏறக்குறைய சரியாகக் கணக்குப் போட்டுவிடலாம்.

படி 1: எந்த ரைஃபிள் என்று முடிவு செய்யுங்கள்

4.5 மி.மீ. குழல் துளை, 20 ஜூலுக்கு மிகாத மசில் எனர்ஜி (குண்டு குழலை விட்டு வெளியேறும்போது அதற்கு இருக்கும் ஆற்றல்): 2016 ஆயுத விதிகளின்படி இந்த வரம்புக்குள் இருப்பதற்கு லைசென்ஸ் தேவையில்லை. முதன்முதலில் வாங்குபவர் இதைத் தாண்ட வேண்டிய அவசியமே இல்லை. அடையாள அட்டை நகலைக் கடைக்காரர் கேட்பார், தயாராக வைத்திருங்கள். வெளிநாட்டுத் தளங்களில் விலை குறைவாகத் தெரிந்தாலும் அந்தப் பக்கம் போகாதீர்கள். இறக்குமதிக் கட்டுப்பாடு, சுங்கவரி என்று அது தனிக் கதை.

படி 2: பெட்டியின் அளவைக் கேளுங்கள்

கட்டணம் எகிறுவதற்கு முக்கியக் காரணம் இதுதான். கூரியர்காரர்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை. பெட்டி அடைக்கும் இடத்தையும் எடையாக மாற்றிப் பார்த்து, இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் பில் போடுவார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்தால் வருவது வால்யூமெட்ரிக் எடை. (சில நிறுவனங்களில் வகுக்கும் எண் கொஞ்சம் மாறும்.)

பெட்டி 120 × 25 × 12 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். பெருக்கினால் 36,000, வகுத்தால் 7.2 கிலோ. தராசில் நிறுத்தால் பேக்கிங்கோடு சேர்த்து 4 கிலோதான் இருக்கும். ஆனாலும் உங்களுக்கு விழுவது 7.5 கிலோ பில், ஏனென்றால் அடுத்த அரைக் கிலோவுக்கு ஏற்றிவிடுவார்கள். அதே ரைஃபிளை ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) மாட்டியபடியே அனுப்பினால் பெட்டி உயரம் 20 செ.மீ. ஆகிவிடும். இப்போது போட்டுப் பாருங்கள்: 12 கிலோ! எனவே ஸ்கோப்பைக் கழற்றி, அதே பெட்டியில் பக்கவாட்டில் வைத்து அனுப்பச் சொல்லுங்கள். நீளமான பெட்டிக்கென்று தனிச் சார்ஜ் உண்டா என்பதையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.

படி 3: கூரியரா, லாரி பார்சலா?

அவசரமில்லை என்றால் என் ஓட்டு லாரி பார்சலுக்கு. இரண்டு விஷயங்களை மட்டும் முன்கூட்டியே பேசிவிட வேண்டும். ஒன்று, 'பெய்ட்'டா (வாடகையை அனுப்புபவரே கட்டிவிடுவது), 'டு-பே'யா? டு-பே என்றால் வாடகையை நீங்கள்தான் கட்டி எடுக்க வேண்டும். 'ஃப்ரீ ஷிப்பிங்' என்று படித்துவிட்டு டு-பே பார்சல் வாங்கினவர்கள் ஏராளம். இரண்டு, கோடவுன் டெலிவரியா, டோர் டெலிவரியா? கோடவுன் என்றால் எல்.ஆர். காகிதத்தோடு (லாரி ஆபீஸ் தரும் சரக்கு ரசீது) நீங்களே போய் எடுத்து வர வேண்டும். அந்த ஆட்டோ கூலியையும் கணக்கில் சேருங்கள்.

'ஓனர்ஸ் ரிஸ்க்' (சேதமானால் பொறுப்பு சரக்கின் உரிமையாளருடையது) என்று புக் செய்திருந்தால் வழியில் ரைஃபிளின் ஸ்டாக் (தோளில் வைக்கும் கட்டை) உடைந்தாலும் இழப்பீடு கேட்பது கஷ்டம். விலை அதிகமான ரைஃபிளுக்கு இன்ஷூரன்ஸ் போடச் சொல்லுங்கள். அந்தச் செலவு தகும்.

படி 4: பின்கோடைச் சொல்லி மொத்தத் தொகையை எழுத்தில் வாங்குங்கள்

நகரத்தை விட்டுத் தள்ளியிருக்கும் ஊர் என்றால் 'ஓ.டி.ஏ.' (வழக்கமான டெலிவரி எல்லைக்கு வெளியே) சார்ஜ் தனியாக விழும். வாட்ஸ்அப்பில் இப்படி அனுப்பினால் போதும்: "சார், இந்தப் பின்கோடுக்கு வாடகை, பேக்கிங், இன்ஷூரன்ஸ், ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு? வீட்டு வாசலில் வேறு ஏதாவது கட்ட வேண்டுமா?" பதிலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

படி 5: பெல்லட்டையும் கூடவே வாங்குங்கள்

பெல்லட் என்பது ஏர் ரைஃபிளில் போடும் சிறு குண்டு. ஈய பெல்லட் டப்பா கனமானது, ஆனால் இடம் அடைக்காது. மேலே பார்த்த பெட்டியில் 7.5 கிலோவுக்கு ஏற்கெனவே காசு கொடுத்தாயிற்று. உள்ளே இருப்பதோ 4 கிலோ. இரண்டு மூன்று டப்பா போட்டாலும் வாடகை ஏறாது. தனியாகப் பிறகு வரவழைத்தால் அதற்கு வேறு வாடகை. சில ஏர் துப்பாக்கிகளுக்குப் போடும் சி.ஓ.2 (கார்பன் டை ஆக்சைடு) வாயு சிலிண்டர்களை மட்டும் இதில் சேர்க்காதீர்கள். விமானச் சரக்கில் அவை ஆபத்தான பொருள் பட்டியலில் இருப்பதால் மொத்தப் பார்சலும் நின்றுபோகலாம்.

படி 6: சொன்னதற்கு மேல் கேட்டால்

2020 மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, டெலிவரி, ஹேண்ட்லிங் கட்டணங்கள் உட்பட மொத்த விலையை ஒரே தொகையாகவும் பிரித்தும் காட்ட வேண்டும். கடைசிக் கட்டத்தில் கட்டணத்தை நுழைப்பதை 2023-இல் வந்த 'டார்க் பேட்டர்ன்' (வாங்குபவரை ஏமாற்றும் இணையதள உத்திகள்) பற்றிய வழிகாட்டுதல்களும் தடை செய்கின்றன. முதலில் ஸ்கிரீன்ஷாட்டைக் கடைக்காரருக்கு அனுப்புங்கள். பெரும்பாலும் அதிலேயே வழிக்கு வருவார். வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போட்டுப் புகாரைப் பதிவு செய்யுங்கள்.