மீன் தீவனத்தில் புரோபயாட்டிக் கலப்பது எப்படி?

குளத்தில் மீன் செத்து மிதக்க ஆரம்பித்த பிறகு புரோபயாட்டிக் வாங்க ஓடுபவர்கள் நிறையப் பேர். அது உயிருள்ள நல்ல பாக்டீரியா, மருந்து இல்லை. வந்த நோயை விரட்டாது. நல்ல பாக்டீரியா குடலில் முன்கூட்டியே பெருகிவிட்டால் ஏரோமோனாஸ் மாதிரியான கிருமிக்கு அங்கே இடமும் இரையும் குறையும். எனவே மீன் நன்றாகத் தீனி எடுக்கும்போதே தொடங்க வேண்டும். ரோகு, கட்லா, திலேப்பியா வளர்க்கும் சிறு குளத்தை மனதில் வைத்துச் சொல்கிறேன்.

படி 1: பாக்கெட்டைப் படியுங்கள்

கடையில் இரண்டு வகை உண்டு. ஒன்று குளத்து நீருக்கும் அடிச்சேற்றுக்கும், மற்றொன்று தீவனத்துக்கு. நமக்கு வேண்டியது இரண்டாவது. பாக்டீரியாவின் பெயர், ஒரு கிராமில் எத்தனை சிஎஃப்யூ (அதாவது உயிருள்ள எண்ணிக்கை), காலாவதி தேதி மூன்றும் அச்சிட்டிருக்க வேண்டும். பெயரே போடாமல் ‘நன்மை தரும் நுண்ணுயிர்கள்’ என்று மட்டும் எழுதியிருந்தால் வாங்காதீர்கள்.

புதிதாகத் தொடங்குபவருக்கு பேசில்லஸ் வகைதான் வசதி. அது விதை போன்ற உறைக்குள் உறங்கும், சூட்டையும் வறட்சியையும் தாங்கும். லாக்டோபேசில்லஸும் நல்லதுதான், ஆனால் அதற்கு அந்த உறை கிடையாது. குளிரில் வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

படி 2: பிரீபயாட்டிக் சேர்ப்பது

பிரீபயாட்டிக் என்பது பாக்டீரியா இல்லை, குடலில் நல்ல பாக்டீரியாவுக்குத் துணைநிற்கும் பொருள். இனுலின் மாதிரியான நார்ப்பொருளை மீனால் செரிக்க முடியாது. குடலில் உள்ள பாக்டீரியா அதைப் புளிக்கவைக்கும். அப்போது உண்டாகும் சிறு கொழுப்பு அமிலங்கள் குடல்சுவரின் செல்களுக்கு ஊட்டம் தரும். ஈஸ்ட்டின் செல்சுவரிலிருந்து எடுக்கும் மன்னன் ஒலிகோசாக்கரைடு (மாஸ்) வேறு விதமாக வேலை செய்கிறது: சில கெட்ட பாக்டீரியாக்களைத் தன்மேல் ஒட்டவைத்துக் கழிவோடு வெளியேற்றிவிடும். மாஸ் என்றால் கிலோ தீவனத்துக்கு 2 முதல் 4 கிராம் வழக்கமான அளவு. நல்லதுதானே என்று அள்ளிப் போடாதீர்கள். ஆர்க்டிக் சார் என்ற குளிர்நாட்டு மீனுக்குத் தீவனத்தில் 15 சதவீதம் இனுலின் கொடுத்துப் பார்த்தபோது குடல் செல்கள் சேதமடைந்தன.

படி 3: கணக்கு

2,000 மீன், சராசரி 100 கிராம் என்றால் மொத்தம் 200 கிலோ. அதில் 3 சதவீதம், அதாவது ஒரு நாளைக்கு 6 கிலோ தீவனம். கிராமுக்கு 100 கோடி சிஎஃப்யூ உள்ள பொடியைக் கிலோவுக்கு 10 கிராம் சேர்த்தால் ஒவ்வொரு கிராம் தீவனத்திலும் 1 கோடி இருக்கும். போதும். பாக்கெட்டில் எண்ணிக்கை வேறாக இருந்தால் அளவையும் அதற்கேற்ப மாற்றுங்கள்.

படி 4: கலப்பது

இங்கேதான் பலருடைய பணம் வீணாகிறது. வாங்கும்போது உயிரோடு இருந்தது மீனின் குடலுக்கும் உயிரோடு போய்ச் சேர வேண்டும்.

குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் வேண்டாம், கிணறு அல்லது போர் தண்ணீர் எடுங்கள். சுடுதண்ணீரும் கூடாது. கிலோ தீவனத்துக்கு சுமார் 50 மில்லி தண்ணீரில் பொடியையும் பிரீபயாட்டிக்கையும் கரைத்து, தீவனத்தை அகலமான தட்டில் பரப்பி, தெளித்துப் புரட்டுங்கள். தண்ணீர் கூடினால் தீவனம் ஊறி நொறுங்கும். அப்புறம் கொஞ்சம் மீன் எண்ணெயோ முட்டை வெள்ளைக்கருவோ மேலே பூச வேண்டும். இதை விட்டால் குளத்தில் போட்டதும் பொடி கரைந்து தண்ணீரோடு போய்விடும். வெயிலில் காயவைக்காதீர்கள், நிழலில் அரை மணி நேரம் போதும். கலந்ததை அன்றைக்கே போட்டு முடித்துவிடுங்கள்.

தவிடும் கடலைப் புண்ணாக்கும் வேகவைத்து நீங்களே தீவனம் செய்பவர் என்றால், நன்றாக ஆறிய பிறகு சேர்க்க வேண்டும்.

ஒரு தகவல்: ரோகு, கட்லா போன்ற கெண்டை இனங்களுக்கு இரைப்பையே கிடையாது, தின்றது நேராகக் குடலுக்குப் போகும். திலேப்பியாவின் இரைப்பையில் அமிலம் கடுமையாக இருக்கும். அங்கேயும் பேசில்லஸின் உறை கைகொடுக்கும்.

படி 5: போடுவதும் பார்ப்பதும்

தினமும் ஒரு வேளைத் தீவனத்திலாவது கொடுங்கள். இந்த பாக்டீரியா பெரும்பாலும் குடலில் நிரந்தரமாகத் தங்காது. நிறுத்தினால் கொஞ்ச நாளில் குறைந்துவிடும். ஆன்டிபயாட்டிக் கொடுக்கும் நாட்களில் இதைக் கலப்பது வீண், அது நல்லதையும் கொன்றுவிடும். குளத்தில் பிளீச்சிங் பவுடர் போட்டிருந்தாலும் சில நாள் பொறுங்கள்.

15 நாளுக்கு ஒருமுறை வீச்சுவலை போட்டு எடை பாருங்கள். இரண்டு குளம் இருந்தால் முதல் பருவத்தில் ஒன்றுக்கு மட்டும் கொடுத்து, இரண்டிலும் தீவனச் செலவையும் எடையையும் நோட்டில் எழுதுங்கள். வித்தியாசம் பாக்கெட் செலவைத் தாண்டவில்லை என்றால், அடுத்த பருவம் வேறு பாக்கெட் மாற்றிப் பார்க்கலாம், இல்லை அந்தப் பணத்தில் ஏரேட்டர் (குளத்து நீரில் காற்றைக் கலக்கும் கருவி) வாங்கலாம்.