முதல் நாவலும் பிரீபோர்டு விடைத்தாள்களும்

தில்லியில் பள்ளி ஆசிரியராக இருந்துகொண்டு தமிழில் முதல் நாவலை வெளியிடுகிறவர், இரண்டு நாட்காட்டிகளை அருகருகே வைத்துத் திட்டமிட வேண்டும். தமிழ்ப் பதிப்பகங்கள் புதிய நாவல்களைப் பெரும்பாலும் சென்னைப் புத்தகக் காட்சியை ஒட்டியே கொண்டுவருகின்றன. ஆகவே முதல் மதிப்புரைகள் ஜனவரி, பிப்ரவரியில் வரத் தொடங்கும். சிபிஎஸ்இ பொதுத்தேர்வு பிப்ரவரி நடுவில் தொடங்குவதால், அதற்கு முன்னோட்டமாகப் பள்ளியே நடத்தும் பிரீபோர்டு தேர்வின் விடைத்தாள்கள் மேசையில் குவிவதும் ஏறக்குறைய அதே வாரங்களில்தான். எனவே அக்காலத்தில் புதிதாக எதையும் எழுதத் திட்டமிடாதீர்கள். மெய்ப்புத் திருத்தத்தையும் தீபாவளி விடுமுறைக்குள் முடித்துவிடுங்கள். அடுத்த நாவலுக்குரிய காலம் கோடை விடுமுறை. தில்லி வெயிலில் யாரும் நம்மை வெளியே அழைக்க மாட்டார்கள் என்பது கூடுதல் வசதி.

மத்திய அரசுப் பணியாளர் நடத்தை விதிகளுக்கு (1964) உட்பட்ட பள்ளிகளில், இலக்கிய நூலைப் பதிப்பகம் வழியாக வெளியிட முன் அனுமதி தேவையில்லை. நூலில் உள்ள கருத்துகள் தம்முடையவையே என்று தெளிவுபடுத்தினால் போதும். தனியார் பள்ளியில் இருப்பவர்கள் பணி நியமன ஆணையை ஒருமுறை படித்துப் பார்த்துக்கொள்வது நல்லது.

மதிப்புரைகளை வார நாட்களில் படிக்காதீர்கள். ஆசிரியர்களுக்கே உரிய ஒரு நோய் உண்டு: எதைப் படித்தாலும் கை சிவப்புப் பேனாவைத் தேடும், எழுதியவரைத் திருத்தத் தோன்றும். என் நாவலில் 2010ஆம் ஆண்டில் ஒரு பாத்திரம் ஆர்.கே.புரம் மெட்ரோ நிலையத்தில் இறங்குகிறது. மெஜந்தா தடத்தில் அந்த நிலையம் உள்ள பகுதி 2018இல்தான் திறக்கப்பட்டது என்பதை ஒரு மதிப்புரையாளர் சுட்டிக்காட்டியபோது, அதை மட்டும் விட்டுவிட்டு அவர் சொன்ன மற்ற எல்லாவற்றுக்கும் நள்ளிரவில் நான்கு பக்க மறுப்பு எழுதினேன். மறுநாள் முதல் பாடவேளையில் ஒன்பதாம் வகுப்புக்கு எதை நடத்தினேன் என்பது இன்றுவரை நினைவில்லை. நல்லவேளையாக மறுப்பை அனுப்பவில்லை. இப்போது பல நூல்கள் தேவைக்கேற்பச் சிறு எண்ணிக்கையில் அச்சாவதால், இத்தகைய தகவல் பிழையை அடுத்த அச்சிலேயே திருத்திவிடலாம். ஆகவே அதை மட்டும் ஒரு குறிப்பேட்டில் பக்க எண்ணோடு எழுதிப் பதிப்பாளருக்கு அனுப்புங்கள். நடை, வேகம், முடிவு பற்றிய குறைகளை மூன்று மாதம் ஆறவிட்டு, வேறு வேறு இருவர் ஒரே இடத்தைச் சுட்டியிருந்தால் மட்டும் அந்த அத்தியாயத்தைத் திறந்து பாருங்கள். பாராட்டுக்கு ஒருவரி நன்றி போதும்.

ஆசிரியர் அறையில், “நாவல்ல வர்ற அந்தத் தலைமையாசிரியர் நம்ம பிரின்சிபால்தானே?” என்ற கேள்வி நிச்சயம் வரும்; சிரித்துவிட்டு விடைத்தாள் கட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மாணவர்களிடம் நூலை விற்கவே கூடாது. அறிமுகக் கூட்டத்தை ஆர்.கே.புரம் தமிழ்ச் சங்கத்தில் நடத்த விரும்பினால், பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்தும் பணி முடிந்த பிறகு வரும் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கேளுங்கள். அப்போதுதான் உடன் பணிபுரிவோரும் வர முடியும்.