பாடத்துக்கு ஒரு நோட்டு வேண்டாம், வழக்குக்கு ஒரு நோட்டு போடுங்கள்

ஐந்தாண்டு பி.ஏ., எல்.எல்.பி. சேர்ந்ததும் எல்லாரும் கேட்பது, வக்கீலாக வந்தவனுக்கு எதற்குப் பொருளாதாரத்தின் டிமாண்ட் கர்வ் (தேவைக் கோடு) என்பதுதான். நியாயமான கேள்வி. ஆனால் அரசியலையும் பொருளாதாரத்தையும் பாஸ் மார்க்குக்கு மட்டும் படித்து ஒதுக்கினால், பின்னால் அரசியலமைப்பு வழக்குகளில் பாதி புரியாது. அதனால் ஒரு பெரிய வழக்கை எடுத்து, சட்டம், அரசியல், பொருளாதாரம், தத்துவம் என்ற நான்கு பாடத்தையும் அதிலேயே படியுங்கள்.

முதலில் வங்கி தேசியமய வழக்கு: ஆர்.சி.கூப்பர், 1970. இந்திரா காந்தி அரசு 1969 ஜூலையில் அவசரச் சட்டம் போட்டு 14 வங்கிகளை எடுத்துக்கொண்டது, அதன் இடத்தில் நாடாளுமன்றம் கொண்டுவந்த சட்டத்தை உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகளில் 10 பேர் செல்லாது என்றார்கள். இதை உங்கள் சொந்த வார்த்தையில் அரைப் பக்கம் எழுதிவிட்டு, கீழே தேதிகளை வரிசையாகப் போடுங்கள். மொரார்ஜி தேசாயிடமிருந்து நிதித் துறை பறிக்கப்பட்டது, அவசரச் சட்டம், காங்கிரஸ் உடைந்தது எல்லாம் சில மாதங்களுக்குள் வந்து நிற்கும். அரசியல் பாடம் அங்கேயே ஆரம்பித்துவிட்டது.

பொருளாதாரம், வங்கிகளை எடுத்ததற்கு அரசு தர வேண்டிய இழப்பீட்டில் இருக்கிறது. ஒரு வங்கியின் மதிப்பு என்றால் கட்டடமும் கடன் பாக்கியும் மட்டும்தானா, பல வருடம் சேர்த்த குட்வில்லுக்கு, அதாவது நற்பெயருக்கு, விலை இல்லையா? அதைக் கணக்கில் சேர்க்காதது நீதிமன்றம் கண்ட முக்கியமான குறைகளில் ஒன்று. குட்வில்லை எப்படி மதிப்பிடுவது என்று உங்கள் பொருளாதார ஆசிரியரிடம் கேளுங்கள், வகுப்பே கொஞ்சம் விழித்துக்கொள்ளும்.

அப்புறம் தத்துவம். சொத்துரிமை அரசுக்கு முன்பே மனிதனுக்கு உண்டு என்பது ஆங்கிலத் தத்துவவாதி ஜான் லாக்கின் வாதம். சட்டம் இல்லாவிட்டால் சொத்தே இல்லை என்பது இன்னொரு ஆங்கிலத் தத்துவவாதி ஜெரமி பெந்தமின் வாதம். தீர்ப்பில் எந்த வாதம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பென்சிலால் ஓரத்தில் குறியுங்கள். பிறகு 1971இன் 25ஆம் திருத்தம் 'இழப்பீடு' இருந்த இடத்தில் வெறும் 'தொகை' என்று போட்டதையும், 1978இன் 44ஆம் திருத்தம் சொத்துரிமையை அடிப்படை உரிமைகளிலிருந்து எடுத்து 300ஏ பிரிவில் வைத்ததையும் பேர் ஆக்ட்டில் (விளக்கவுரை இல்லாத சட்ட மூல நூலில்) பார்த்தால், சண்டை எப்படி முடிந்தது என்று தெரியும்.

11 பேரில் தனித்து நின்ற நீதிபதி ஏ.என்.ரேயின் மாறுபட்ட தீர்ப்பைத் தாண்டிப் போகாதீர்கள். மூன்று மூத்த நீதிபதிகளை ஓரங்கட்டி 1973இல் அவரைத்தான் தலைமை நீதிபதி ஆக்கினார்கள். நீதித்துறைச் சுதந்திரம் பற்றிக் கேள்வி வந்தால் இதுவே நல்ல உதாரணம். முழுத் தீர்ப்பும் இந்தியன் கானூன் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. மொத்தமாக உட்கார்ந்து படிக்கிற வேலை வேண்டாம், இழப்பீடு பற்றிய பகுதியும் ரேயும் போதும்.

பரீட்சையில் மட்டும் கலக்காதீர்கள். சட்டத் தாளில் பிரச்சினை, பிரிவு, வழக்கு, பொருத்திப் பார்ப்பது என்று போகணும். அரசியல் தாளில் பிரிவு எண்களாகக் கொட்டினால் மார்க் வராது, உங்கள் வாதம் என்ன என்றுதான் பார்ப்பார்கள்.

இது பழகியதும் அடுத்து கல்லூரி இடங்களைச் சாதி, மத வாரியாகப் பிரித்த சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணையைத் தள்ளிய 1951இன் செண்பகம் துரைராஜன் வழக்கை எடுங்கள். அதே வருடம் வந்த முதல் திருத்தம் சேர்த்த, பின்தங்கிய வகுப்பினருக்குச் சிறப்பு ஏற்பாடு செய்ய அனுமதிக்கும் 15(4)-ஐயும் சேர்த்தே படியுங்கள்.